பெருங்காய டப்பா ரசீதுகள்

என் மகளுக்குப் பக்தி வந்துவிட்டது என்று இரண்டு மாதம் நம்பியிருந்தேன். சும்மா நம்பவில்லை. தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு நம்பினேன்.

அவள் பிளஸ் டூவுக்கு வந்த புதிது. பள்ளி விட்டு, நுழைவுத் தேர்வுப் பயிற்சி வகுப்பும் முடித்து, ஆறு மணி வாக்கில் வீட்டுக்கு வருவாள். வந்தவள் யாரையும் தொட மாட்டாள். பையை ரேழியில் போட்டுவிட்டு நேரே கொல்லைப்புறக் குளியலறைக்குப் போவாள். தலைக்குக் குளித்து, போட்டிருந்த துணியைத் தானே அலசிக் கொடியில் போட்டு, ஈரத் தலையோடு தன் அறைக்குப் போய் ஊதுபத்தி ஏற்றுவாள். ஒன்று அல்ல, நாலைந்து. மலையாள ஊருக்கு நடுவில் இருக்கிற எங்கள் வலியசாலை அக்ரகாரத்தில், இந்தத் தமிழ்த் தெருவில், இதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. வெளியே போய் நாலு பேரைத் தொட்டுவிட்டு வந்த பெண், குளித்து மடியாக இருக்கிறாள்.

எங்கள் வீடுகளுக்கெல்லாம் பொதுச்சுவர். இந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் அந்தப் பக்கம் "என்ன விழுந்தது?" என்று கேட்பார்கள். ஊதுபத்தி வாசனை மட்டும் நின்றுவிடுமா? அடுத்த வீட்டு மாமி ஒரு நாள் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் காலத்துல எந்தக் கொழந்தை இப்படி இருக்கு? நீ குடுத்து வெச்சவ, கேட்டியோ. என் பேத்தி செருப்போட அடுக்களைக்கு வரா."

"எல்லாம் அவளாப் பண்ணிக்கறது மாமி. நான் ஒண்ணும் சொல்றதில்லை" என்றேன். பெருமையைப் பணிவுக்குள் பொதிந்து கொடுப்பதில் எனக்கு நல்ல பழக்கம் உண்டு.

நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். வாய் அதிகம், கோபம் அதைவிட அதிகம். பிள்ளைகள் எனக்கு ஒரு பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். என்னவென்று எனக்குத் தெரியும், இங்கே எழுத மாட்டேன். எவன் காப்பியடிக்கிறான் என்பதை அவன் முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்ற கர்வமும் எனக்கு உண்டு. அந்தக் கர்வத்தைப் பார்த்துத்தானோ என்னவோ, பள்ளியின் போதைத் தடுப்புக் குழுவை என் தலையில் கட்டினார்கள்.

அந்தக் குழுவின் சார்பில் பெற்றோர் கூட்டம் நடந்தது. கர்க்கடக மாதம், அதாவது நம் ஆடி, வெளியே நல்ல மழை. கவனிக்க வேண்டிய அறிகுறிகள் என்று மேலிடத்திலிருந்து வந்திருந்த தாளை மலையாளத்தில் நான்தான் வாசித்தேன். கண் சிவந்திருக்கும், அதை மறைக்கச் சொட்டு மருந்து வைத்திருப்பார்கள். வீட்டுக்கு வந்ததும் யாருக்கும் முகம் கொடுக்காமல் குளிக்கப் போவார்கள். உடுத்திய துணியைத் தாங்களே துவைத்துப் போடுவார்கள். அறையில் வாசனைத் தைலமோ ஊதுபத்தியோ...

அந்த இடத்தில் என் குரல் நின்றுவிட்டது.

"மைக் போயோ டீச்சரே?" என்று பின்வரிசையிலிருந்து யாரோ கேட்டார். மைக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தையும் வாசித்தேன். கைதட்டினார்கள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பதைப் பெரியவர்கள் எவ்வளவு அனுபவித்துச் சொல்லியிருக்க வேண்டும்!

வீட்டுக்கு வந்ததும் அவள் அறையைத் தேடினேன். ஜியாமெட்ரி பெட்டிக்குள் கண் சொட்டு மருந்து இருந்தது. வேறொன்றும் இல்லை. கட்டிலுக்கு அடியில், புத்தகங்களுக்குப் பின்னால், தலையணை உறைக்குள், எங்கும் இல்லை. அப்புறம்தான் சுவாமி அலமாரி ஞாபகம் வந்தது. அதைத் தொட வேண்டுமென்றால் எங்கள் வீட்டில் குளித்திருக்க வேண்டும். நம்புங்கள், மகளின் கஞ்சாவைத் தேடப் போகிற நேரத்திலும் நான் குளித்துவிட்டு வந்துதான் அலமாரியைத் திறந்தேன். ஊதுபத்திப் பெட்டியில், பத்திகளுக்கு அடியில், மெல்லிய தாள்களும் ஒரு சின்ன பிளாஸ்டிக் உறையும் இருந்தன. உறைக்குள் காய்ந்த இலைத்தூள்.

கோபம் வரும் என்று காத்திருந்தேன். முதலில் வந்தது வியப்பு. இந்த வீட்டில் யாரும் சந்தேகப்பட்டுத் துழாவ முடியாத ஒரே இடத்தை அவள் கண்டுபிடித்திருந்தாள். என் வீட்டை என்னைவிட நன்றாகப் படித்து வைத்திருந்தாள். அந்த வியப்புக்குப் பின்னாலேயே பயம் வந்தது. அது அதன் பிறகு மாதக்கணக்கில் என்னை விடவில்லை.

என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள், நான் கத்தவில்லை. பொதுச்சுவர் ஒரு காரணம். ஆனால் அது பாதிக் காரணம்தான். கேட்டால் "ஆமாம்" என்று சொல்லிவிடுவாளே என்பதுதான் மீதி. எடுத்ததை எடுத்தபடியே பெட்டிக்குள் திரும்ப வைத்தேன். சனிக்கிழமை எர்ணாகுளத்திலிருந்து என் கணவர் வந்தார். அவருக்கு அங்கே வேலை, வாரக்கடைசியில்தான் வீடு. விஷயத்தைச் சொன்னதும் எழுந்து அவள் அறை வாசல் வரை போனார். கொஞ்ச நேரம் நின்றார். திரும்பி வந்தார்.

"நீயே கேளு. நீதான் டீச்சர்."

"நீங்கதானே அப்பா?"

இப்படி ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்துகொண்டோம்.

திங்கட்கிழமை காலை நான் தெருக்கோடிக் கோவிலுக்குப் போனேன். எங்கள் ஊர்க் கோவில்களில் வழிபாடு நடத்தக் கவுண்டரில் பெயரும் நட்சத்திரமும் சொல்லி ரசீது வாங்க வேண்டும். பூஜை முடிந்ததும் போத்தி, அதாவது அர்ச்சகர், சன்னிதி நடையில் நின்று பெயரையும் நட்சத்திரத்தையும் உரக்கக் கூப்பிட்டு, வாழையிலைத் துண்டில் சந்தனமும் பூவும் கொடுப்பார். அவள் பெயர், பூராடம், புஷ்பாஞ்சலி. ஒரு மண்டலம், நாற்பத்தொரு நாள் என்று மனதுக்குள் நேர்ந்துகொண்டேன். போக முடியாத நாட்களில் விட்டுவிட்டு மறுபடி தொடர்ந்தேன்.

"மோளுக்குப் பரீட்சயாணோ டீச்சரே?" என்று கவுண்டரில் இருந்தவர் கேட்டார்.

"ஆமா, எண்ட்ரன்ஸ்" என்றேன். சுவாமி சன்னிதியில் சொன்ன பொய், வாயில் கொஞ்சம்கூடத் தடுக்கவில்லை.

ரசீதைக் கிழித்துப் போட மனசு வரவில்லை. குழந்தையின் பெயரும் நட்சத்திரமும் எழுதிய தாளைக் குப்பையில் எப்படிப் போடுவது? அடுக்களையில் ஒரு பழைய பெருங்காய டப்பா காலியாக இருந்தது. அதற்குள் மடித்து மடித்துப் போட்டு வைத்தேன். அவள் ஊதுபத்திப் பெட்டியில், நான் பெருங்காய டப்பாவில். அம்மாவும் பெண்ணும் ஒரே வீட்டில் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒளித்து வைத்துக்கொண்டிருந்தோம். அது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஓணம் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் கண்ணயர்ந்து எழுந்து அடுக்களைக்குப் போனேன். அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். மேடையில் ஒரு பாத்திரத்தில் மோர். அதற்குப் பெருங்காயம் தேடியிருக்கிறாள். அவள் முன்னால் ரசீதுகள் வரிசையாக, சுருக்கம் நீவி, அடுக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் அவள் பெயர், பூராடம்.

"இது என்னம்மா?"

"பார்த்தாத் தெரியலையா? நோக்கு எண்ட்ரன்ஸ் நன்னா வரணும்னு..."

"பொய் சொல்லாதே. எண்ட்ரன்ஸ் வர்றதுக்கு இன்னும் எத்தனை மாசம் இருக்கு. நீ கர்க்கடகத்துலயே தொடங்கியிருக்கே." கையிலிருந்த ரசீதைக் கீழே வைத்துவிட்டு, "நோக்குத் தெரியும், இல்லையா?" என்றாள்.

"தெரியும்."

அவள் தாள்களைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "முப்பத்திரண்டு தடவை பகவான்கிட்டச் சொல்லியிருக்கே. என்கிட்ட ஒரு தடவை கேக்கலையேம்மா."

இத்தனை வருடமாக வகுப்பில் நின்று கேள்வி கேட்டிருக்கிறேன். என்னை இப்படி ஒருவரும் நிற்க வைத்துக் கேட்டதில்லை. நியாயம் முழுக்க அவள் பக்கம் இருந்தது, அதைத் தாங்க முடியாமல்தான் எனக்குக் கோபம் வந்தது. செய்வதையும் செய்துவிட்டு என்னைக் குற்றம் சொல்கிறாயா என்று கத்தினேன். பொதுச்சுவர், அடுத்த வீட்டு மாமி, எதுவும் ஞாபகத்தில் இல்லை. கை ஓங்கிவிட்டது. அவள் முகத்தைத் திருப்பவும் இல்லை, கையால் மறைக்கவும் இல்லை.

"அடிக்கணும்னா அடி. ஆனா அப்பறம் கேளு."

ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சில ரசீதுகள் புடவைக்கு அடியில் போயின. அவள் அவற்றை மெல்ல இழுத்து எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு நான் கேட்டேன்.

அவள் சொன்னாள். பயிற்சி வகுப்பில் சேர்ந்த சிநேகிதிகள், அவர்களில் ஒருத்திக்குத் தெரிந்த பையன்கள், ஒரு வீட்டு மொட்டை மாடி. மூன்று மாதத்தில் பத்துப் பதினைந்து தடவை இருக்கும். கஞ்சா மட்டும்தான், பொடி கிடி எதுவும் இல்லை. "சத்தியமெல்லாம் பண்ண மாட்டேன். நம்பறதானா நம்பு."

"எதுக்குடி?"

"தலைக்குள்ள எப்பவும் ஒரு சத்தம் கேட்டுண்டே இருக்கும்மா. ராங்க், மார்க்கு, அடுத்த வருஷம் என்னன்னு. அதைப் பண்ணினா அந்தச் சத்தம் கொஞ்ச நேரம் நிக்கும்."

"யாரோட சத்தம் அது?"

"பலரோடது. உன்னோடதும் உண்டு."

அது எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "இனிமே மாட்டியே?"

ஒரு ரசீதை எடுத்து மறுபடி நீவினாள். "தெரியலைம்மா."

அந்த வார்த்தைதான் அன்று என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. எல்லாப் பிள்ளைகளும் சொல்கிற "இனிமே மாட்டேன்" எனக்கு வேண்டியிருந்தது. கணக்கு தெரியாத பிள்ளை வாய்க்கு வந்த விடையை எழுதுவதைவிட, தெரியவில்லை என்று எழுந்து நின்று சொல்வதுதான் மேல் என்று வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! அதையே என் பெண் என்னிடம் செய்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. நாளாக ஆகத்தான் புரிந்தது. ஒரு பொய்யைச் சொல்லி என்னை அன்றைக்கே சமாதானப்படுத்தியிருக்கலாம். அந்தச் சுலபமான வழியை அவள் எடுக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது.

ஊதுபத்திப் பெட்டியில் இருந்ததை அவளே எடுத்து வந்து, என் கண்முன்னால் கழிவறையில் கொட்டித் தண்ணீர் விட்டாள். மறுநாள் மாமியின் முகத்தில் விழிக்க வேண்டுமே என்று எனக்குக் கூச்சம். நான் கத்தியது ஒரு சொல் விடாமல் அந்தப் பக்கம் கேட்டிருக்கும். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். மாமி ஒன்றும் கேட்கவில்லை. அன்றும் இல்லை, பிறகு என்றும் இல்லை. என் மகளின் பக்தியைப் பற்றிப் பேசுவதை மட்டும் நிறுத்திக்கொண்டார். தெருவில் யார் காதுக்கும் விஷயம் போகவில்லை. அந்த மாமியை வம்புக்காரி என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்!

அடுத்த வாரம் மூன்று பேருமாக ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். ஐம்பது வயதுப் பெண்மணி. முதலில் அவளோடு தனியாக ஒரு மணி நேரம் பேசினார். எனக்கு அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கத் தாளவில்லை. பிறகு எங்களைக் கூப்பிட்டார். வாரம் ஒரு முறை வர வேண்டும், பயிற்சி வகுப்பைக் கொஞ்ச நாள் நிறுத்தலாம், படபடப்புக்குத் தனியாகப் பார்க்க வேண்டும் என்றெல்லாம் சொன்னார். கடைசியில் என்னைப் பார்த்து மலையாளத்தில் சொன்னார்: "அவள் எங்கே இருந்தாலும், என்ன நிலையில் இருந்தாலும், உங்களைக் கூப்பிடலாம். நீங்கள் போய்க் கூட்டிக்கொண்டு வர வேண்டும். எங்கே என்பதைத் தவிர அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்கக் கூடாது. கேட்பதெல்லாம் மறுநாள் காலையில்." பிறகு சிரித்தார். "உங்களால் முடியுமா டீச்சர்?"

என் மகளும் கணவரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். முடியும் என்றேன். இரண்டு பேருமே நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அதன் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் வீடு முழுக்கச் சந்தேகம் குடியிருந்தது. அவள் உள்ளே வரும்போது என் மூக்கு என்னை மீறி வேலை செய்யும். அவள் அதைக் கவனித்துவிட்டு, "மோந்து பார்த்தாச்சா? நான் உள்ளே போலாமா?" என்பாள். சில நாள் சிரிப்போம், சில நாள் சண்டையாகிவிடும். நடுவில் ஒரு முறை தானாகவே வந்து, "நேத்திக்கு ஒரு தடவை" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று நான் சாப்பிடவில்லை. ஆனால் சொன்னாளே என்றும் தோன்றியது. நுணலும் தன் வாயால் கெடும், நான் கெடாமல் இருந்தேன். நேர்ந்துகொண்ட மண்டலத்தை முப்பத்திரண்டோடு நிறுத்திவிட்டேன். சுவாமி மன்னித்திருப்பார் என்று நினைக்கிறேன்.

ஜனவரியில் ஒரு வெள்ளிக்கிழமை. மத்தியானம் இரண்டு மணி, இரண்டு பீரியடுக்கு நடுவில் போன் அடித்தது.

"அம்மா, கிளாஸ்லயா இருக்கே?"

"இப்பத்தான் எறங்கினேன். சொல்லு."

"நான் வித்துரால இருக்கேன். வந்து கூட்டிண்டு போறியா?"

பள்ளியில் இருக்க வேண்டிய பெண். வித்துராவுக்கு ஒன்றரை மணி நேரம், பொன்முடி மலைக்குப் போகிற வழி. யாரோடு, எதற்கு, எப்போது, எப்படி என்று கேள்விகள் என் வாய்க்குள் முட்டிக்கொண்டு நின்றன. "எங்கே நிக்கறே?" என்று மட்டும் கேட்டேன். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை என்றாள். தலைமையாசிரியையிடம் வீட்டில் அவசரம் என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

பேரூர்க்கடை தாண்டும் வரை அவளைத் திட்டிக்கொண்டே போனேன், ஹெல்மெட்டுக்குள், வாய்விட்டு. நெடுமங்காடு தாண்டியதும் திட்டு தீர்ந்துபோய்ப் பயம் மட்டும் மிஞ்சியது. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் வழி வளைந்து வளைந்து போனது. ஒரு திருப்பத்தில் தூரத்து மலை மொத்தமாகத் தெரிந்தது, உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. எவ்வளவு பெரியது என்று ஒரு கணம் மலைத்தேன். அந்த மலைக்குக் கீழே எங்கோ என் பெண் தனியாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்ததும் வண்டியை இன்னும் முறுக்கினேன்.

டீக்கடை பெஞ்சில் யூனிஃபார்மோடு உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது. கடைக்காரரின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தலையைத் தன் தோளில் சாய்த்து வைத்திருந்தார். "சர்திச்சு பாவம். இப்போ குழப்பமில்ல" என்றார் என்னிடம். வாந்தி எடுத்திருக்கிறாள், இப்போது பரவாயில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள், தரையைப் பார்த்துக்கொண்டு.

"கார்ல மேலே போனோம்மா, நாலு பேர். மேலே போய் எல்லாரும் கஞ்சா வலிச்சா. நானும் வலிச்சேன், கொஞ்சம். எறங்கறச்சே ஓட்டறவனுக்குக் கண்ணே நிக்கலை. நான் ஏற மாட்டேன்னேன். சிரிச்சா. பேடித்தொண்டின்னா. அப்படியும் ஏறலை. விட்டுட்டுப் போயிட்டா. பஸ் வர்ற வரைக்கும் நின்னேன். பஸ்ஸுல தலை சுத்தித்து, கண்டக்டர் சேச்சி இங்கே எறக்கி விட்டா."

பொன்முடியிலிருந்து இறங்கும் வழியில் இருபத்திரண்டு கொண்டை ஊசி வளைவுகள். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அங்கே, தன் தலையும் சுற்றிக்கொண்டிருக்கும்போது, மூன்று சிநேகிதர்கள் கார்க் கதவைத் திறந்து வைத்துக் கேலி பேசும்போது, ஏற மாட்டேன் என்று ஒரு பதினேழு வயதுப் பெண் சொல்லியிருக்கிறாள். அந்தக் கார் கவிழ்ந்ததா என்று கேட்பீர்கள். இல்லை. அவர்கள் சௌக்கியமாக வீடு போய்ச் சேர்ந்தார்கள். மறுநாள் முதல் அவளைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்லி ஒதுக்கிவிட்டார்கள். அவள் செய்தது சரி என்று எடுத்துக்காட்ட உலகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை.

நான் அவள் வயதில் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும். ஏறியிருப்பேன். எல்லாரும் ஏறும்போது நான் மட்டும் எப்படி என்று ஏறியிருப்பேன். இன்றைக்கு இவ்வளவு பேசுகிற எனக்கு, மாட்டேன் என்ற ஒரு சொல் அந்த வயதில் வாயில் வந்ததே இல்லை. தப்பு செய்த நிலையிலும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று தெரிந்த ஒன்று அவளுக்குள் இருந்தது. அதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தப் பெஞ்சுக்கு முன்னால் ஹெல்மெட்டும் கையுமாக நின்று அவளை ஏதோ புதிய மனுஷியைப் பார்ப்பதுபோலப் பார்த்தேன். பெருமை என்று அதைச் சொல்ல முடியாது. பெருமைப்படுவதற்கு அதில் என் பங்கு ஒன்றுமில்லை.

கடைக்காரர் மனைவி ஒரு பாட்டில் தண்ணீர் கொடுத்து அனுப்பினார். அவள் பின்னால் உட்கார்ந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். ஆறு வயதுக்குப் பிறகு அப்படிக் கட்டிக்கொண்டதில்லை. ஒன்றரை மணி நேரம் நான் ஒன்றும் கேட்கவில்லை. நாக்கைக் கடித்துக் கடித்து வாயில் உப்புக் கரித்தது. நெடுமங்காட்டில் வண்டிகள் தேங்கி நின்றபோது, முதுகுக்குப் பின்னாலிருந்து அவள்தான் ஒன்று கேட்டாள்.

"அம்மா, உன் நட்சத்திரம் என்ன?"

என் வாயில் நூறு கேள்வி அடைத்து நிற்க, இவள் கேட்கிற கேள்வி இதுவா! எதுக்கு என்று வாய் வரை வந்தது, விழுங்கினேன்.

"கேட்டை."

"ஓ" என்றாள். அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கே அவள் அடுக்களைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ம், கேளு" என்றாள். இரவெல்லாம் வரிசைப்படுத்தி வைத்திருந்தேன். காப்பி டம்ளரை அவள் பக்கம் நகர்த்தியபோது எல்லாக் கேள்விகளும் ஒரே கேள்வியாகச் சுருங்கிப்போயின.

"இன்னொரு தடவை இப்படின்னா, கூப்பிடுவியா?"

"கூப்பிடுவேன்."

மற்றதையெல்லாம் அவளே ஒவ்வொன்றாகச் சொன்னாள். இந்த முறை பொதுச்சுவர் ஒன்றையும் கேட்டிருக்காது, அவ்வளவு மெதுவாகப் பேசினோம்.

அதற்குப் பத்து நாள் கழித்து, ஒரு திங்கட்கிழமை, வெறுமனே கும்பிடலாம் என்று காலையில் கோவிலுக்குப் போயிருந்தேன். ரசீது எதுவும் எழுதவில்லை. போத்தி இலைகளை எடுத்துக்கொண்டு நடைக்கு வந்து ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தார். யார் யாரோ வாங்கிப் போனார்கள். பிறகு என் பெயர் வந்தது. பெயருக்குப் பின்னால், "திருக்கேட்டை." கேட்டைக்கு இந்த ஊரில் அதுதான் பெயர்.

கேட்டை நட்சத்திரத்துப் பெண் வந்தால் கணவனின் அண்ணனுக்கு ஆகாது என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு வந்த வரன்கள் எத்தனையோ அதனாலேயே தட்டிப்போயின. கடைசியில் தலைப்பிள்ளையாகப் பார்த்துத்தான் திருநெல்வேலியிலிருந்து இந்தத் தெருவுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எல்லார் நட்சத்திரத்துக்கும் நான் வழிபாடு எழுதியிருக்கிறேன். என்னுடையதை ஒரு தடவைகூட எழுதியதில்லை. அதை உரக்கச் சொல்லாமல் இருப்பதே பழக்கமாகிவிட்டது. இப்போது நாலு பேருக்கு முன்னால், சன்னிதியில், போத்தி அதைக் கூப்பிட்டுவிட்டு நிற்கிறார்.

நான் எழுதவில்லையே என்று சொல்லத் திரும்பினேன். கவுண்டருக்குப் பக்கத்தில், ஸ்கூல் பையோடு, அவள் நின்றிருந்தாள். தலை காய்ந்திருந்தது. குளிக்காமல்தான் வந்திருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவள் கிட்டே வந்து, ரசீதை நாலாக மடித்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஒரு தடவைதான் எழுதினேன். மிச்சத்தை உன்கிட்டயே சொல்லிக்கறேன்."

போத்தி இரண்டாவது முறை கூப்பிட்டார். நான் போய்க் கையை நீட்டினேன்.